பக்கத்து இருக்கையின் பிரேக்

சின்னவளின் வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்தில் உட்கார்ந்தால், ஓட்டுநர் வேகம் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கால் தரையை அழுத்தும். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும் அழுத்தியது. "வலிக்குதா?" என்று அவர் பதறிப்போய் ஊசியை வெளியே எடுத்தார். "இல்ல டாக்டர், நீங்க கொஞ்சம் வேகமா வந்தீங்க" என்றாள். கல்யாணமான புதிதில் அவள் தூக்கத்தில் உதைக்கிறாள் என்று அவள் கணவன் கவலைப்பட்டான். ஆறு மாதம் கழித்துத்தான் அவனுக்கு விளங்கியது. "உதைக்கல, பிரேக் போடுறா" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

பதினான்கு வருடமாக அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். இவள் பக்கத்து இருக்கையில் இருப்பாள். இவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஓட்டுகிறவர் திகைத்துப்போய் நிற்கும் அந்த நொடியில் இவள் கால் வேலை செய்யும். இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும் ஹேண்ட்பிரேக்கின் மேல் இவள் கை எப்போதும் லேசாக இருக்கும். படிக்க வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. இதுவரை எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அதில் எழுபது வயதுக்காரர் ஒருவர், காது கேட்காதவர் இருவர், மூன்று முறை தோற்று நாலாம் முறை தேறிய ஒரு பல் மருத்துவர். ஆமாம், அதே பல் மருத்துவர்தான்.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. எதிர்த்தெருவில் இருந்த பெரிய டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே சும்மா நின்ற வண்டியில் தானாகவே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு கற்றுக்கொடுக்கவும் செய்தாள். தனியாகப் பலகை மாட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று அந்த ஸ்கூல் முதலாளி மூன்று விரலைக் காட்டினார். மூன்று மாதம்தான் தாங்குவாய் என்று அர்த்தம். ஒரு வருடம் ஓடியிருந்த வெள்ளை வண்டி ஒன்றை வாங்கி, கூரையில் சின்னப் பலகை வைத்து அவள் ஆரம்பித்தாள். அந்தப் பலகை பதினான்கு வருடம் தாங்கிவிட்டது. வண்டிதான் இப்போது தாங்கவில்லை.

வண்டிக்கு இந்த மாதக் கடைசியோடு பதினைந்து வயது முடிகிறது. பதினைந்து முடிந்த வண்டியில் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது போக்குவரத்து அலுவலகத்தின் விதி. அதற்குள் வேறு வண்டியைக் காட்டி, அதில் இரண்டாம் பெடல்களைப் பொருத்தி, அதிகாரி சோதித்து முத்திரை போட வேண்டும். இல்லாவிட்டால் பலகைக்கான அனுமதியும் போகும். சின்னவள் கடைசி நேரத்தில் ஓடுகிறவள் அல்ல. மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு புது வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தாள். இருபத்தோராம் தேதி காலை பத்தேகாலுக்கு அந்தக் கடையிலிருந்து போன் வந்தது.

"சாரி மேடம், நீங்க கேட்ட மாடலை நிறுத்திட்டாங்க. இனிமே வர்றதுல ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலா பட்டன். உங்களுக்கு இன்னும் வசதி."

"பட்டன் எங்க இருக்கு?"

"டிரைவர் பக்கம், கதவோரமா. கைக்கு அடக்கமா இருக்கும்."

"யார் கைக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். ஓட்டுகிறவரைத் தாண்டிக் கையை நீட்டி அவள் எப்படி அந்தப் பட்டனை அழுத்துவது?

இன்னும் ஒன்பது நாள். பதினொரு பேர் பாதிப் படிப்பில் இருந்தார்கள். அதில் ஐம்பத்துமூன்று வயது பேங்க் அம்மாவுக்கு இரண்டாம் தேதி பரீட்சை. செய்தி எப்படித்தான் பரவியதோ, அன்று சாயங்காலமே பெரிய ஸ்கூல் முதலாளி சொல்லி அனுப்பினார்: "இங்கயே வந்து சேர்ந்துக்கச் சொல்லுங்க. சம்பளம் முன்னைக்கு இப்பக் கூட்டித் தர்றேன்." அதைக் கேட்ட பிறகு சின்னவள் உட்காரவே இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நின்ற இடத்திலும் வலது கால் தரையைத் தட்டியது.

பெரியவள் என்பவள் அவளுடைய அக்கா. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். தங்கைக்கு ஆறு வயது மூத்தவள். விஷயம் தெரிந்ததும் கடைக்கு இரண்டு நாள் பூட்டுப் போட்டாள்.

"நீ எதுக்கக்கா?" என்றாள் சின்னவள். "நான் போய்ப் பாத்துக்குறேன்."

"அளவு எடுக்காம நான் பட்டன்கூட வாங்க மாட்டேன். நீ வண்டி வாங்கப் போற, நான் சும்மா இருக்கணுமா?"

பழைய வண்டியின் கதவைத் திறந்து பெரியவள் தலைகீழாக உள்ளே நுழைந்தாள். பக்கத்து இருக்கையின் காலடியில், இரண்டாம் பெடல்கள் பொருத்தியிருந்த இடத்தை நாடாவால் அளந்தாள். அகலம், உயரம், பெடலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள். ஹேண்ட்பிரேக் பிடியாக இருக்க வேண்டும், முன்கண்ணாடி உயரமாக இருக்க வேண்டும், விலை தங்கச்சி கைக்குள் அடங்க வேண்டும் என்று கீழே சேர்த்தாள். கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

முதல் கடையில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நிமிடம் இருவரும் தயங்கினார்கள். அங்கே இருந்தவர் அவர்களை நேராக விலை உயர்ந்த வண்டியிடம் அழைத்துப்போனார்.

"இதுல கேமரா இருக்கு மேடம். முன்னால யாராவது வந்தா வண்டி தானாவே பிரேக் போட்டுக்கும்."

"தானாவேவா?" என்றாள் பெரியவள். "அப்போ இவளுக்கு என்ன வேலை?"

"மேடம் என்ன பண்றாங்க?"

"அந்தக் கேமரா பண்ற வேலையத்தான் பதினாலு வருஷமா பண்றா."

குறைந்த விலை வண்டியைக் காட்டச் சொன்னார்கள். அதிலும் பட்டன்தான். வெளியே வரும்போது சின்னவள் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினாள்.

இரண்டாவது கடையில் ஹேண்ட்பிரேக் பிடியாக இருந்தது. விலையும் எட்டும்போல் இருந்தது. சின்னவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. பெரியவள் நாடாவையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பக்கத்து இருக்கையின் அடியில் குனிந்தாள். கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் தங்கள் வண்டியை விட்டுவிட்டு இவளை வேடிக்கை பார்த்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏடி, இங்க ஒரு டப்பா இருக்கு."

"என்ன டப்பா?"

"இரும்பு டப்பா. ஒயரெல்லாம் அதுக்குள்ளதான் போகுது. பெடல் வர்ற இடத்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்கு."

"நகத்த முடியாதா?"

கடைக்காரர் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "மேடம், அதை நகத்தினா வண்டியே ஸ்டார்ட் ஆகாது. தயவுசெஞ்சு வெளிய வாங்க."

அன்று வீடு திரும்பும் வழியில் பழைய வண்டி ஒரு சிக்னலில் இரண்டு முறை அணைந்து நின்றது. மூன்றாம் முறை கிளம்பியது. "இதுவும் கணக்குப் போட்டு வச்சிருக்கு பாரு, பதினஞ்சு வயசு ஆச்சுன்னு" என்றாள் பெரியவள். சின்னவள் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள்.

மறுநாள் மூன்றாவது கடை. ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் சாலையில் இருந்தது. அங்கே இருந்த விற்பனையாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்துப்பட்டை அவரை இறுக்கிக்கொண்டிருந்தது. பெரியவள் பார்த்ததும் பார்க்காததுமாக அவருக்கு 'டைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சின்ன வண்டியைக் காட்டினார். கதவில் பெரிய எழுத்தில் 'ஓட்டிப் பாருங்கள்' என்று ஒட்டியிருந்தது. பிடி போட்ட ஹேண்ட்பிரேக். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். பாட்டுப் பெட்டிகூட இல்லை.

"இது அடிமட்ட மாடல் மேடம்" என்றார், மன்னிப்புக் கேட்பதைப் போல. "யாரும் வாங்க மாட்டாங்க. அதான் ஓட்டிக் காட்டுறதுக்குன்னு வச்சிருக்கோம்."

பெரியவள் ஏற்கெனவே உள்ளே தலைகீழாக இருந்தாள். நாடா சுருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"டப்பா இல்ல. இடம் பழைய வண்டிய விட நாலு விரல் கூடவே இருக்கு."

"இதே மாதிரி புதுசு ஒண்ணு எப்போ கிடைக்கும்?" என்று சின்னவள் கேட்டாள். குரல் அவளை முந்திக்கொண்டு ஓடியது.

"ஆர்டர் போட்டா பதினொரு வாரம்."

பதினொரு வாரம். அவளிடம் இருந்தது ஏழு நாள். அவள் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். இன்னொரு வட்டம் வந்தாள். "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மேடம், பிடிச்சிருந்தா மேனேஜர்ட்ட பேசுறேன்" என்று டைக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். ஓட்டுபவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு பழக்க தோஷத்தில் நேராகப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

டைக்காரர் கதவோரம் நின்று குனிந்து பார்த்தார். "மேடம், நீங்க ஓட்டலையா?"

"நீங்க ஓட்டுங்க. நான் இங்க இருந்துதான் பாக்கணும்."

"கையெழுத்து நீங்க..."

"ஏறுங்க சார், நேரமாகுது."

அவர் ஏறினார். பெரியவள் பின்னால் உட்கார்ந்தாள். சாலைக்கு வந்து நூறு அடி போவதற்குள் சின்னவள் ஆரம்பித்துவிட்டாள்.

"கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க."

"சரி மேடம்."

"கண்ணாடியப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"பாத்த மாதிரி தெரியலையே. தலை திரும்பணும்."

"மேடம், நான் இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன்."

"அதான் தப்பெல்லாம் நல்லாப் படிஞ்சுபோயிருக்கு" என்று பின்னாலிருந்து பெரியவள் எடுத்துக் கொடுத்தாள்.

டைக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். ஆனாலும் வண்டி நன்றாகப் போனது. பக்கத்து இருக்கையிலிருந்து சாலை அகலமாகத் தெரிந்தது. சின்னவள் இடது கையால் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். இது கிடைக்காது, பதினொரு வாரம் என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் முன்னால் ஒரு சந்திலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் சாலைக்கு வந்தார்.

அவள் கால் தரையை அழுத்தியது. அங்கே பெடல் இல்லை, வெறும் விரிப்புதான். பதினான்கு வருடத்தில் பாடம் நடத்தும்போது அந்தக் கால் அழுத்தி வண்டி நிற்காமல் போனதே இல்லை. அடுத்து என்ன என்று அவள் யோசிக்கவில்லை. கை தானாக ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து முழுக்க இழுத்துவிட்டது. வண்டி கிறீச்சிட்டு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் வந்த வேன் டமாரென்று முட்டியது.

சைக்கிள்காரர் வெகு தூரத்தில் நிதானமாகச் சாலையைக் கடந்து போனார்.

யாருக்கும் அடியில்லை. வேன்காரர்தான் முதலில் இறங்கி வந்தார். "என்னங்க நீங்க! பிரேக் லைட்டே எரியல, பொசுக்குன்னு நின்னா எப்படி?"

ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. அதனால் அவசரத்துக்கு அதை இழுக்கக் கூடாது. இந்தப் பாடத்தை அவள் எழுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். காது கேட்காத இருவருக்கு எழுதியே காட்டியிருக்கிறாள்.

டைக்காரர் ஸ்டீயரிங்கை விடாமல் மெல்லச் சொன்னார்: "நான் பாத்துட்டேன் மேடம். அந்த சைக்கிள நான் அப்பவே பாத்துட்டேன். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன். நீங்க என் காலைப் பாக்கவே இல்ல."

சின்னவள் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுத்தாள்.

கடையின் உள்ளறையில் மேனேஜர் படிவத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார். பின் பம்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. பின்கதவு மூடவில்லை. "ஓட்டினது யாருன்னு இதுல உங்க கையெழுத்து இருக்கு" என்றார்.

"ஓட்டினது நான்தான் சார்" என்றார் டைக்காரர். அவர் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தலைக்கு ஒன்றும் வந்திருக்காது.

"இழுத்தது நான்" என்றாள் சின்னவள். "பம்பருக்கும் கதவுக்கும் ஆகுறத நான் குடுத்துடுறேன்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அது கிடக்கட்டும். இன்னும் பத்து நாள்ல இந்த வண்டியப் பழசுன்னு போட்டு விக்கணும், வேற மாடல் வருது. இப்போ அடிபட்ட வண்டிய யாரு வாங்குவா?"

மேசைக்கு அடியில் சின்னவளின் வலது கால் தட்டுவதை நிறுத்தியது.

"இதுக்கு நம்பர் பிளேட் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு. கடை பேர்ல பதிவாயிருக்கு."

"அப்போ பேரை மாத்தினா போதும். பதினொரு வாரம் வேண்டாம்."

"நாலு நாள் ஆகும். ஆனா மேடம், இது..."

"எனக்குக் குடுங்க. நான் வாங்கிக்குறேன்."

பெரியவள் மேசைக்கடியில் தங்கையின் காலை மிதித்தாள். "அடிபட்ட வண்டி" என்று மேனேஜரைப் பார்த்து இழுத்தாள். "பம்பர் வேற பிளந்து கிடக்கு. கதவு மூடல. பாத்து ஒரு விலை சொல்லுங்க."

"அக்கா, உடைச்சதே நான்தான்."

"அதுக்கென்ன?"

"நானே உடைச்சுட்டு நானே விலையக் குறைக்கச் சொல்றது நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்லதான்டி. ஆனா கேக்கலாம்ல?"

மேனேஜர் சிரித்துவிட்டார். அடிபடாத வண்டிக்கு என்ன விலை வைத்திருந்தாரோ அதையே சொன்னார். பம்பரும் பின்கதவும் அக்கா தங்கை பாடு. விலை சின்னவளின் கைக்குள் அடங்கியது, ஆனால் கையில் வேறொன்றும் மிஞ்சவில்லை. வெளியே வரும்போது பெரியவள் டைக்காரரிடம் நின்றாள். "உங்க டை கொஞ்சம் நீளம் கம்மி சார். அதான் இறுக்குது. கடைக்கு வாங்க, ஒண்ணு தச்சுத் தர்றேன், காசு வேண்டாம்" என்றாள்.

பேர் மாற்ற நாலு நாள் என்றது ஐந்து நாளானது. அந்த ஐந்து நாளும் சின்னவள் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை சன்னலில் போய் நின்றாள். "போன் பண்றோம்னு சொன்னோமே" என்றார் அங்கே இருந்தவர். "தெரியும் சார், சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள். அந்தப் பக்கம் வேறு எந்தக் கடையும் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் பழைய வண்டியில் பாடம் நடந்தது. ஆனால் அவள் கால் அவளை மீறிப்போயிருந்தது. பேங்க் அம்மா ஒழுங்காக ஓட்டும்போதும் இவள் பிரேக்கை அழுத்தினாள். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று அந்த அம்மா கண்கலங்கினார். "நீங்க ஒண்ணும் பண்ணல, நான்தான்" என்றாள் சின்னவள்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் காகிதம் கைக்கு வந்தது. மெக்கானிக் பழைய வண்டியிலிருந்து இரண்டாம் பெடல்களைக் கழற்றினார். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மறு ஓரம் புதிதுபோல இருந்தது.

"ஓரத்துலயே மிதிச்சிருக்கீங்க" என்றார். "புது ரப்பர் போடட்டா?"

"வேண்டாம், இதையே போடுங்க. என் காலுக்கு இதுதான் தெரியும்."

பின்கதவை நிமிர்த்தி மூட வைத்தார். புதுப் பம்பருக்குச் சாயம் அடிக்க நேரமில்லை. கத்தரிப்பூ வண்டியின் பின்னால் கறுப்புப் பம்பர் ஒன்று ஏறியது. பெரியவள் கதவில் இருந்த ஒட்டுக் காகிதத்தைச் சுரண்டப் போனாள். அவளைத் தடுத்து, "ஓட்டிப் பாருங்கள்னுதானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பலகை எழுதுற செலவு மிச்சம்" என்றாள் சின்னவள். ஒரு வாரத்தில் அவள் அடித்த முதல் ஜோக் அது.

இருபத்தொன்பதாம் தேதி சோதனை. முப்பதாம் தேதி அலுவலகத்துக்கு விடுமுறை. அதாவது, இன்று இல்லாவிட்டால் இல்லை. அலுவலகத்தின் பின்னால் சிமெண்டுத் தரை. அதன் கோடியில் இரண்டு வெற்று டிரம்கள். டிரம்முக்குப் பத்தடி முன்னால் ஒரு வெள்ளைக் கோடு. சோதிக்கிற அதிகாரி ஒல்லியான மனிதர். அதிகம் பேசவில்லை.

"நான் ஓட்டுவேன். டிரம்மை நோக்கிப் போவேன். நான் நிறுத்துன்னு சொல்றப்ப நீங்க உங்க பிரேக்கைப் போடணும். வண்டி கோட்டைத் தாண்டாம நிக்கணும். சொல்றதுக்கு முன்னாடி போட்டா தோல்வி. ரெண்டு வாய்ப்பு."

பெரியவள் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். சின்னவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இந்த வண்டியில் அவள் கால் இரண்டாம் பெடலைத் தொடுவது அன்றுதான் முதல் தடவை. வண்டி கிளம்பியது. டிரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதிகாரி வாயைத் திறக்கவில்லை. இன்னும் அறுபது அடி இருக்கும்போதே கால் அழுத்திவிட்டது.

"நான் சொல்லலையே" என்றார் அதிகாரி. தாளில் ஒரு கோடு போட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தார்.

வேலிக்கு வெளியே அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நாடா மட்டும் கையில் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய ஸ்கூலின் வாசலும், போன் மேசையும், அந்த மூன்று விரலும் சின்னவளின் நினைவுக்கு வந்தன. இன்னொரு தடவை கால் முந்தினால் எல்லாம் முடிந்தது. அந்தக் காலை எப்படிப் பிடித்து வைப்பது?

வண்டி மறுபடி கிளம்பியது. டிரம் மறுபடி பெரிதானது. அவள் டிரம்மைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து அதிகாரியின் காலைப் பார்த்தாள். 'நீங்க என் காலைப் பாக்கவே இல்ல' என்று டைக்காரர் சொன்னது அப்போதுதான் சரியாக உள்ளே போனது. முதல் சில வருடங்களில் அவள் படிக்க வருகிறவர்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது அதை விட்டாள் என்று நினைவில்லை. சாலையைப் பார்த்தே பிரேக் போடப் பழகிவிட்டாள். இப்போது அதிகாரியின் பழுப்புச் செருப்பு ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பியிருந்தது. அவருடைய பிரேக்கின் மேல் தொடாமல் நின்றது. அவரும் டிரம்மைப் பார்த்திருக்கிறார். பார்த்தது இவள் ஒருத்தி மட்டும் அல்ல. சின்னவளின் கால் தேய்ந்த ரப்பரின் ஓரத்தில் அழுத்தாமல் காத்திருந்தது. ஒரு நொடி. இன்னொரு நொடி.

"நிறுத்து."

வண்டி நின்றது. அதிகாரி இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தார். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றிருந்தது. பின்னால் போய்க் கறுப்புப் பம்பரை ஒரு பார்வை பார்த்தார். முத்திரையைக் குத்தித் தாளைக் கொடுத்தார்.

பெரியவள் ஓடிவந்து தங்கையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அது வாழ்த்துதான். "முதல் தடவையே ஒழுங்கா பண்ணித் தொலைக்கறதுக்கென்ன? எனக்கு உசுரே போயிடுச்சு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேதியை இரண்டு முறை படித்தாள். பிறகு நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சின்னவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பக்கத்து இருக்கையில் பெரியவள். கூரையில் பழைய பலகை ஏறியிருந்தது. பேங்க் அம்மாவை நாலு மணிக்கு வரச் சொல்ல வேண்டும், மற்றப் பத்துப் பேருக்கும் போன் பண்ண வேண்டும் என்று சின்னவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். எதிர்த்தெருவில், பெரிய ஸ்கூலின் வாசலுக்கு நேராக, ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினார்.

"ஏய்!" என்று கத்தினாள் பெரியவள். கூடவே இரண்டு காலையும் ஊன்றி ஓங்கி மிதித்தாள். அங்கே இருந்தது நிஜமான பிரேக். வண்டி குலுங்கி நின்று அணைந்தது. பின்னால் ஹாரன் அலறியது. ஸ்கூல் வாசலில் நின்றிருந்த முதலாளி தலையைத் திருப்பி, கத்தரிப்பூ வண்டியையும் அதன் கூரையில் இருந்த பலகையையும் பார்த்தார்.

"நான் பாத்துட்டேன்க்கா" என்றாள் சின்னவள். "அந்த ஆளை நான் அப்பவே பாத்துட்டேன். என் காலைப் பாரு."

பெரியவள் குனிந்து பார்த்தாள். தங்கையின் வலது கால் ஓட்டுகிறவரின் பிரேக்கின் மேல் அமைதியாக இருந்தது.

"நீ முதல்ல உன் காலை எடு" என்றாள் சின்னவள். "ரெண்டையும். ஹாரன் அடிக்கிறாங்க பாரு."

பெரியவள் இரண்டு காலையும் இருக்கையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னவள் சாவியைத் திருப்பினாள்.